முன்கூட்டிச் சொல்லாத முகங்கள்: ‘ஏலியன்’ படத்தொடரின் நடிகர் தேர்வு

விண்கலம் ஒன்றுக்குள் புகுந்து கொல்லும் வேற்றுலக உயிரியைப் பற்றி டான் ஓபானனும் ரொனால்ட் ஷூசெட்டும் எழுதிய ‘ஏலியன்’ திரைக்கதையில், கதாபாத்திரங்களின் பட்டியலோடு ஒரு சிறு குறிப்பும் இருந்தது. விண்கலத்தின் பணியாளர்களுள் எவரையும் ஆணாகவோ பெண்ணாகவோ வைத்துக்கொள்ளலாம் என்பதே அதன் சாரம். அந்தத் திரைக்கதையைத் திருத்தி எழுதிய வால்டர் ஹில்லும் டேவிட் கைலரும் அந்தப் பணியாளர்களுள் ஒருவரான ரிப்ளியைப் பெண்ணாக்கினார்கள். இந்த மாற்றத்தைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. ஆனால் அந்தக் குறிப்பின் பயன் ரிப்ளியோடு முடிந்துவிடவில்லை. கதாநாயகன், அவனுடைய காதலி, நண்பன், துரோகி என்று முன்பே அச்சு வார்த்து வைக்கப்பட்ட வேடங்கள் எதுவும் அந்தக் கலத்தில் இல்லாமல் போனதற்கும் அதுவே வழி வகுத்தது. ஏழு பேர் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். அவர்களில் யார் முக்கியமானவர் என்பது தொடக்கத்தில் யாருக்கும் தெரியாது.

திகில் படம் பார்க்க உட்காரும் எவரும், தம்மை அறியாமலேயே ஒரு கணக்குப் போடுகிறார்கள். அறிமுகமான நட்சத்திரம் இறுதிவரை இருப்பார், அறிமுகமில்லாத முகங்கள் ஒவ்வொன்றாக விழும், உதடு சுழித்துச் சிரிப்பவர் காட்டிக்கொடுப்பார் என்பது அந்தக் கணக்கு. ‘ஏலியன்’ தொடர் தன் சிறந்த தருணங்களில் இந்தக் கணக்கைத் தப்பாக்குவதற்காகவே நடிகர்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்பதும், அது தடுமாறிய இடங்கள் பலவற்றில் முகங்கள் முன்கூட்டியே கதையைச் சொல்லிவிட்டன என்பதும் என் கருத்து.

1979-இல் வெளிவந்த முதல் படத்தை இயக்கிய ரிட்லி ஸ்காட்டுக்கு அது இரண்டாவது முழுநீளப் படம். தளங்களையும் ஒளியையும் கவனிக்கவே தமக்கு நேரம் சரியாக இருக்கும் என்பதால், சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத நடிகர்களாகத் தேர்ந்தெடுத்து அவர்கள் போக்கில் விட்டுவிட்டதாக அவர் பின்னாளில் கூறியிருக்கிறார். அப்படி அமைந்த குழுவைப் பார்த்தாலே அந்தத் தேர்வின் தன்மை விளங்கும். ஹாரி டீன் ஸ்டான்டனுக்கு அப்போது 52 வயது. அறிவியல் புனைவும் பூதப் படங்களும் தமக்குப் பிடிக்காது என்று நேர்முகத்திலேயே சொன்னவர் அவர். யாஃபெட் கோட்டோ 1973-இல் ஜேம்ஸ் பாண்டுக்கு வில்லனாக நடித்திருந்தார். வெரோனிகா கார்ட்ரைட் குழந்தை நட்சத்திரமாகத் தொடங்கியவர். இயன் ஹோம் ராயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவில் வளர்ந்து, 1967-இல் டோனி விருது பெற்றவர். பெயர்ப் பட்டியலில் முதலிடம் டாம் ஸ்கெரிட்டுக்கு. கலத்தின் கேப்டன் டல்லாஸாக வரும் அவர் தாடியும் அமைதியுமாக, இந்தப் படத்தைத் தாங்கப்போகிறவர் நான்தான் என்ற தோற்றத்தில் நிற்கிறார். இவர்களில் பெரும்பாலோர் நாற்பதை ஒட்டியோ அதைக் கடந்தோ இருந்தவர்கள். அழகுக்காகவோ இளமைக்காகவோ எவரும் எடுக்கப்படவில்லை.

படப்பிடிப்புக்கு முன் இந்தக் குழுவில் கடைசியாகச் சேர்ந்தவர், ரிப்ளியாக நடித்த சிகோர்னி வீவர். யேல் நாடகப் பள்ளியில் பயின்று நியூயார்க் மேடைகளில் நடித்துவந்த அவருக்கு அப்போது 28 வயது. திரையில் அவர் அப்போது பெரிதாக அறியப்படாதவர். ரிப்ளி வேடத்துக்குத்தான் கார்ட்ரைட்டும் வசனம் படித்துக் காட்டியிருந்தார். உடை அளவுக்காக லண்டன் வந்தபோதுதான் தமக்குக் கொடுக்கப்பட்டிருப்பது லாம்பர்ட் வேடம் என்பது அவருக்குத் தெரியவந்தது. எந்நேரமும் அழுது நடுங்கும் பெண்ணாக நடிப்பதில் அவருக்குத் தயக்கம் இருந்தது. அந்த வேடம்தான் பார்வையாளரின் அச்சத்தைத் திரைக்குள் சுமக்கிறது என்று எடுத்துச் சொன்ன பின்னரே ஒப்புக்கொண்டார். அந்த விளக்கம் எவ்வளவு சரியானது என்பதைப் படமே காட்டுகிறது. லாம்பர்ட்டின் பயம் உண்மையாக இருப்பதால்தான் ரிப்ளியின் நிதானம் துணிச்சலாகத் தெரிகிறது.

வீவரின் நடிப்பு அந்தப் படத்தில் எப்படி மெல்ல முன்னுக்கு வருகிறது என்பதைக் காண, கதவுக் காட்சி ஒன்றே போதும். முகத்தில் ஒட்டிக்கொண்ட உயிரியோடு சக பணியாளர் கேனைத் தூக்கிக்கொண்டு வெளியே டல்லாஸும் லாம்பர்ட்டும் நிற்கிறார்கள். உள்ளே அதிகாரப் பொறுப்பில் இருப்பவர் ரிப்ளி. தொற்றுத்தடுப்பு விதிப்படி 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லிக் கதவைத் திறக்க மறுக்கிறார். வீவர் இங்கே குரலை உயர்த்துவதில்லை, கண் கலங்குவதுமில்லை. ஒரு அலுவலர் விதியைச் சொல்கிறார், அவ்வளவுதான். முதல்முறை பார்க்கும் பார்வையாளர் அந்த நேரத்தில் ரிப்ளியை வெறுக்கவே செய்வார்; கதவைத் திறந்துவிடும் அறிவியல் அதிகாரி ஆஷ் இரக்கமுள்ளவனாகத் தோன்றுவான். சரியாகச் செய்தவரை இரக்கமற்றவராகவும், சதிகாரனை மனிதாபிமானியாகவும் நம்பவைக்கும் இந்தக் காட்சி, வீவர் புதுமுகம் என்பதாலும் ஹோம் மரியாதைக்குரிய மேடை நடிகர் என்பதாலும் இரு மடங்கு வேலை செய்தது.

ஆஷ் மனிதன் அல்லன், கலத்துக்குச் சொந்தமான நிறுவனம் ஏவிய, ஆண்ட்ராய்டு எனப்படும் மனித உருவ எந்திரம் என்பது படத்தின் பிற்பகுதியில்தான் வெளிப்படுகிறது. அதை அறிந்துகொண்டு மறுபடி பார்ப்பவர்கள்தான் ஹோமின் நுட்பத்தை முழுமையாக உணர முடியும். வெளியே சென்றவர்களைக் கண்காணிக்கும் இருக்கையில் அமருமுன், ஆஷ் நின்ற இடத்திலேயே சில நொடிகள் ஓடுவதுபோல் கால்களை அசைக்கிறான். முதல் பார்வையில் அது குளிருக்கோ சோம்பலுக்கோ செய்யும் பழக்கமாகத் தெரியும். இரண்டாம் பார்வையில், மனிதர்கள் இப்படித்தான் செய்வார்கள் என்று எங்கோ கற்றுக்கொண்ட ஓர் எந்திரத்தின் பயிற்சியாகத் தெரியும். ஒரே அசைவு இரண்டு பொருள்களையும் தாங்குகிறது. எந்தப் பொருளையும் ஹோம் நமக்குச் சுட்டிக்காட்டுவதில்லை. அவனுடைய நெற்றிப்பொட்டில் ஒரு துளி வெள்ளைத் திரவம் வழியும் வரை அந்த ரகசியம் காக்கப்படுகிறது.

நெஞ்சைப் பிளந்துகொண்டு உயிரி வெளிவரும் உணவு மேசைக் காட்சியைப் பற்றிப் பல கதைகள் உலவுகின்றன. என்ன நடக்கும் என்பது திரைக்கதையில் இருந்ததால் நடிகர்கள் அதை அறிந்தே இருந்தார்கள். எவ்வளவு இரத்தம், எந்தத் திசையில் பீய்ச்சியடிக்கும் என்பது மட்டுமே அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. கார்ட்ரைட் முகத்தில் அது நேராக வந்து அடித்தபோது அவர் பின்வாங்கி அலறியது ஒத்திகை பார்க்கப்படாத எதிர்வினை. ஆயினும் அந்தக் காட்சியின் பெருமையை இரத்தத்துக்குக் கொடுப்பது முறையன்று. சாப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும் கேனாக ஜான் ஹர்ட் முதலில் ஒரு இருமலைத்தான் இருமுகிறார். உணவு தொண்டையில் சிக்கியதோ என்று மற்றவர்கள் நினைக்கும் அளவுக்குச் சாதாரணமான இருமல். ரோமப் பேரரசன் கலிகுலாவாகத் தொலைக்காட்சியில் புகழ்பெற்றிருந்த ஹர்ட், அந்தக் குழுவில் ஹோமோடு சேர்த்து மிகவும் மதிக்கப்பட்ட நடிகர். படப்பிடிப்பின் தொடக்கத்திலேயே உடல்நலம் குன்றி விலகிய ஜான் ஃபின்ச்சுக்குப் பதிலாக அவசரமாக வந்தவர். அப்படிப்பட்டவர் முதல் ஆளாகச் சாகிறார். படத்தின் பிற்பாதியில் ஸ்கெரிட்டும் போய்விட, பார்வையாளருக்குப் பிடித்துக்கொள்ள எந்த முகமும் மிச்சமில்லை.

உயிரியின் முகத்துக்குப் பின்னாலும் ஒரு நடிகர் இருந்தார் என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம். லண்டனில் வடிவமைப்புக் கலை படித்துக்கொண்டிருந்த நைஜீரிய இளைஞர் போலாஜி படேஜோவை, நடிகர் தேர்வுக் குழுவைச் சேர்ந்த ஒருவர் மதுக்கடை ஒன்றில் கண்டு அழைத்துவந்தார். அவருடைய உயரம் ஏறக்குறைய 6 அடி 10 அங்குலம். கைகால்கள் மெலிந்து நீண்டவை. உடைக்குள் இருப்பது மனித உடல் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த உடல்வாகைத் தேடியிருந்தார்கள். வேகமாகப் பாயும் மிருகமாக அல்லாமல் மெதுவாக, நீரில் அசைவதுபோல் நகர்வதற்காக அவருக்குத் ‘தாய் சி’ எனும் சீன உடற்பயிற்சியும் மௌன நாடகப் பயிற்சியும் அளிக்கப்பட்டன. வால் இருந்ததால் நாற்காலியில் அமர முடியாமல், அவருக்கென்று ஊஞ்சல் போன்ற இருக்கை தொங்கவிடப்பட்டது. அவர் நடித்த ஒரே படம் அதுதான்; 1992-இல், நாற்பதை எட்டுமுன் இறந்துபோனார். பின்னாளில் வந்த படங்களில் அந்த உயிரி எத்தனையோ வேகத்தில் ஓடியிருக்கிறது. படேஜோவின் அந்தத் தாமதத்தில் இருந்த அச்சம் அவற்றில் இல்லை.

1986-இல் ஜேம்ஸ் கேமரூன் இயக்கிய ‘ஏலியன்ஸ்’ வேறு வகையான சவாலை எதிர்கொண்டது. இப்போது ரிப்ளி பிழைப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆண்ட்ராய்டு என்றால் ஆபத்து என்பதும் தெரியும். கேமரூன் இந்த இரண்டு அறிவையும் பயன்படுத்திக்கொண்டார். பிஷப் என்னும் ஆண்ட்ராய்டாக வரும் லான்ஸ் ஹென்ரிக்சனுக்குக் குழிந்த கன்னங்களும் கனத்த குரலும் உண்டு. ஐயத்தை வரவழைக்கும் முகம் அது. ஆனால் அவர் பேசும் விதத்தில் ஒரு சிறுவனின் பணிவு இருக்கிறது. ரிப்ளி தட்டிவிட்டாலும் மனத்தாங்கலை மறைத்துக்கொண்டு விளக்கம் சொல்கிறார். மறுபுறம், நிறுவனத்தின் பிரதிநிதி பர்க் வேடத்துக்கு நகைச்சுவைக் கலைஞரான பால் ரைசரைப் போட்டார்கள். சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, தோளில் கைவைத்துப் பேசும் இனிய இளைஞன்; கொலைக்கு ஏற்பாடு செய்யும்போதும் அவன் குரலில் அந்த இனிமை மாறுவதில்லை.

ரிப்ளியோடு உயிரிகளை எதிர்கொள்ளச் செல்லும் படைவீரர்களாக நடித்தவர்கள் படப்பிடிப்புக்கு முன் இரண்டு வாரம் பிரிட்டிஷ் சிறப்புப் படையினரிடம் பயிற்சி பெற்றார்கள். வீவர், ரைசர், அனுபவமற்ற அதிகாரியாக வரும் வில்லியம் ஹோப் ஆகிய மூவரும் அதில் சேர்க்கப்படவில்லை. குழுவுக்கு வெளியே இருப்பவர்கள் என்ற இடைவெளி திரையில் தானாகவே தெரியட்டும் என்பது அதன் நோக்கம். கவசங்களில் எழுதியும் வரைந்தும் கொண்டவர்கள் அந்த நடிகர்களே. சார்ஜண்டாக வந்த அல் மாத்யூஸ் வியட்நாம் போரில் உண்மையாகவே மரீன் படையில் பணியாற்றியவர். அந்த அதட்டலில் நடிப்பு குறைவு. ஹிக்ஸ் வேடத்துக்கு முதலில் ஒப்பந்தமான ஜேம்ஸ் ரெமார் படப்பிடிப்பின் இடையில் மாற்றப்பட்டு, மைக்கேல் பீன் வந்து சேர்ந்தார்.

அதே படத்தில், வாஸ்கெஸ் என்னும் லத்தீனப் பெண் வீராங்கனையாக ஜெனெட் கோல்ட்ஸ்டீன் நடித்ததை இன்று அதே மகிழ்ச்சியோடு பார்க்க முடியவில்லை. யூதப் பின்னணியைச் சேர்ந்த அவருக்குத் தோல் நிறத்தைக் கருமையாக்கும் ஒப்பனை போடப்பட்டது. அவருடைய உடல் உறுதியும் கண்களின் வீச்சும் மறக்க முடியாதவை. ஆனால் அந்த வேடத்துக்குரிய சமூகத்திலிருந்தே ஒருவரைத் தேடும் முயற்சியைப் படம் எடுக்கவில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை. நல்ல நடிப்பு தவறான தேர்வைச் சரியாக்கிவிடுவதில்லை.

நியூட் என்னும் சிறுமியாக வந்த கேரி ஹென் அதற்கு முன் நடித்ததே இல்லை. விளம்பரப் படங்களில் பழகிய குழந்தைகள் ஒவ்வொரு வசனத்தையும் சொல்லி முடித்ததும் பழக்கத்தால் புன்னகைத்தார்கள் என்பதால், அந்தப் பழக்கமே இல்லாத குழந்தை தேவைப்பட்டது. வளர்ந்தபின் அவர் நடிப்பைத் தொடராமல் ஆசிரியரானார். வீவருக்கும் அந்தச் சிறுமிக்கும் இடையிலான பிணைப்பின் வேர், முதல் வெளியீட்டில் வெட்டப்பட்டுப் பின்னர் நீட்டித்த பதிப்பில் சேர்க்கப்பட்ட ஒரு காட்சியில் இருக்கிறது. 57 ஆண்டுகள் உறக்கத்தில் கழிந்துவிட்டதால், தன் மகள் முதுமையடைந்து 66 வயதில் இறந்துபோனதை ரிப்ளி அறிகிறார். கையில் கொடுக்கப்படும் அந்த மூதாட்டியின் படம், உண்மையில் வீவரின் தாயும் முன்னாள் நடிகையுமான எலிசபெத் இங்லிஸின் படம். விரல்களால் அந்த முகத்தைத் தொட்டுப் பார்க்கும் வீவரின் கலக்கம், படத்தின் பிற்பாதி முழுவதையும் தாங்கக்கூடிய கலக்கம். அதை வெட்டியது பெரிய இழப்பு. இந்தப் படத்துக்காக வீவர் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். அதிரடி அறிவியல் புனைவுப் படத்துக்கு அத்தகைய பரிந்துரை அக்காலத்தில் மிக அரிது.

டேவிட் ஃபின்சரின் முதல் படமான ‘ஏலியன் 3’ 1992-இல் வந்தது. மொட்டையடித்த கைதிகளாகத் திறமையான பிரிட்டிஷ் நடிகர்கள் பலர் வருகிறார்கள். ஆனால் ஒரே உடை, ஒரே தலை, ஒரே இருட்டு என்பதால் யார் யார் என்று பிரித்தறிவது கடினமாகிறது. முகம் எதையும் சொல்லக் கூடாது என்பது வேறு, முகமே தெரியாமல் போவது வேறு. சாகிறவர் யார் என்று தெரியாதபோது அந்தச் சாவு நம்மைத் தொடுவதில்லை. அதில் தனித்து நிற்பவர்கள் இருவர். மருத்துவராக வரும் சார்லஸ் டான்ஸ், தம் பழைய குற்றத்தை ரிப்ளியிடம் ஒளிக்காமல் சொல்லி நம் நம்பிக்கையைப் பெற்ற சற்று நேரத்தில் கொல்லப்படுகிறார். முதல் படத்தின் துணிவு அங்கே மீண்டும் தெரிகிறது. கைதிகளின் சமயத் தலைவராக வரும் சார்லஸ் டட்டன் இளமையில் தாமே சிறையில் இருந்து, பின்னர் வீவரைப் போலவே யேலில் நாடகம் பயின்றவர். பிணங்களைத் தீக்கு அளிக்கும் சடங்கில் அவர் பேசும் பேச்சில், மேடைப் பயிற்சியையும் மீறிய ஏதோ ஒன்று ஒலிக்கிறது.

அந்தப் படத்தைச் சுற்றி நடந்த ஒரு விவகாரம் பின்னர் பெரிதாகப் பேசப்படவேண்டிய கேள்வியை அப்போதே எழுப்பியது. ஹிக்ஸ் இறந்துவிட்டதாகக் காட்ட, மைக்கேல் பீனின் உருவை ஒத்த பொம்மை உருவாக்கப்பட்டதை அறிந்து அவர் எதிர்ப்புத் தெரிவித்தார். இறுதியில் அவருடைய ஒரு நிழற்படத்தைப் பயன்படுத்துவதற்கே கணிசமான தொகை கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரு நடிகரின் முகம், அவர் நடிக்காத படத்தில் யாருக்குச் சொந்தம் என்பதே அந்தக் கேள்வி.

‘ஏலியன்: ரெசரக்‌ஷன்’ (1997) படத்தை விரைவாகவே கடந்துவிடலாம், ஒரே ஒரு காட்சியைத் தவிர. உயிர்மாதிரியிலிருந்து மீண்டும் உருவாக்கப்பட்ட எட்டாவது ரிப்ளி, தனக்கு முன் தோல்வியடைந்த ஏழு முயற்சிகள் வைக்கப்பட்டிருக்கும் அறைக்குள் நுழைகிறாள். உருக்குலைந்து உயிரோடு கிடக்கும் ஏழாவது, தன்னைக் கொன்றுவிடும்படி கெஞ்சுகிறது. இருவராகவும் நடிப்பவர் வீவர். படம் முழுக்க விலங்கின் மோப்பமும் அலட்சியமும் கலந்த உடல்மொழியோடு நடந்த அவர், அந்த அறையில் மட்டும் மனிதராக உடைகிறார். வினோனா ரைடர் ஏற்ற ‘கால்’ (Call) என்னும் பெண்ணின் வேடத்திலோ நட்சத்திரத்தின் முகமே மேலோங்கி நின்றது. அவளும் ஆண்ட்ராய்டுதான் என்ற வெளிப்பாடு யாரையும் அசைக்கவில்லை.

ரிட்லி ஸ்காட் மீண்டும் இயக்கிய ‘பிரோமிதியஸ்’ (2012) படத்தில் சார்லீஸ் தெரான், இட்ரிஸ் எல்பா, கை பியர்ஸ் என்று புகழ்பெற்றவர்கள் நிரம்பியிருந்தார்கள். இளையவரான பியர்ஸுக்குக் கனத்த ஒப்பனை போட்டுக் கிழவராக்கியது ஏன் என்பது படத்துக்குள் விளங்குவதே இல்லை. இளமைத் தோற்றத்தில் அவர் வந்தது விளம்பரத்துக்காக எடுத்த தனிக் காணொளியில் மட்டுமே. இந்தக் கூட்டத்தில் ஆண்ட்ராய்டு டேவிட்டாக வந்த மைக்கேல் ஃபாஸ்பெண்டர்தான் படத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். டேவிட் யார் என்பது முதலிலேயே தெரிந்துவிடுகிறது; அவனுக்கு என்ன வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. மனிதர்கள் உறங்கும் கலத்தில் தனியாக ஒரு பழைய திரைப்படத்தைப் பார்த்து, அதன் நாயகனைப் போல முடியைச் சாயம் தோய்த்துக்கொள்கிறான். ஆஷ் மனிதனாக நடித்த எந்திரம். டேவிட் ஒரு நடிகரைப் பார்த்து நடிக்கும் எந்திரம்.

‘ஏலியன்: கவனன்ட்’ (2017) படத்தில் ஃபாஸ்பெண்டருக்கு இரட்டை வேடம். ஆங்கிலேய உச்சரிப்பில் பேசும் டேவிட், அமெரிக்க உச்சரிப்பில் பேசும் வால்டர். குழலூதக் கற்றுக்கொடுக்கும் காட்சியில், ஒருவன் ஊத மற்றவன் துளைகளை மூடித் திறக்கிறான். முகம் ஒன்றே ஆனாலும், வால்டரின் தாடை இறுகியும் பார்வை தாழ்ந்தும் இருக்க, டேவிட்டின் கண்ணிமைகளில் ஆசை தெரிகிறது. இறுதியில் கலத்துக்குத் திரும்பியவன் வால்டரா, அவனாக நடிக்கும் டேவிட்டா என்பது நாயகி டேனியல்ஸுக்கு உறக்கப் பேழையின் மூடி மூடிய பிறகுதான் தெரியவருகிறது. ஏரிக்கரையில் கட்ட நினைத்த மரவீட்டைப் பற்றி அவள் கேட்க, அவனிடமிருந்து மறுமொழி வருவதில்லை. பார்வையாளர் பலர் அதை முன்பே ஊகித்திருப்பார்கள்; அப்படியும் ஃபாஸ்பெண்டர் ஒரு கதாபாத்திரத்துக்குள் மற்றொன்றை ஒளித்துவைத்திருக்கும் அந்தச் சில நிமிடங்கள் மீண்டும் மீண்டும் பார்க்கத் தக்கவை.

ஃபெடே அல்வாரெஸின் ‘ஏலியன்: ரோமுலஸ்’ (2024) இந்தத் தொடரின் மிகச் சிறந்த தேர்வுகளில் ஒன்றையும் மிக மோசமான தேர்வையும் ஒரே படத்தில் வைத்திருக்கிறது. ஆண்டி என்னும் பழைய, பழுதுபட்ட ஆண்ட்ராய்டாக டேவிட் ஜான்சன் நடிக்கிறார். தொடக்கத்தில் கூன் விழுந்த தோள், திக்கும் பேச்சு, சொல்லத் தெரியாமல் சொல்லும் சிரிப்புத் துணுக்குகள். வேறோர் ஆண்ட்ராய்டின் சில்லு கழுத்தில் பொருத்தப்பட்டதும் தோள் நிமிர்கிறது, திக்கல் மறைகிறது, பார்வை ஒரே இடத்தில் நிலைக்கிறது. சிக்கிக்கொண்ட பெண்ணுக்குக் கதவைத் திறக்க அவன் மறுக்கும்போது, அந்த முடிவு கணக்கின்படி சரி என்பதும் அவனை நாம் மன்னிக்க முடியாது என்பதும் சேர்ந்தே தெரிகின்றன. ஒப்பனையோ கணினியோ துணையில்லாமல் ஓர் உடலில் இரண்டு ஆளை நிறுத்திய இந்த நடிகருக்கு 2025-இல் பிரிட்டிஷ் திரைப்பட அகாதமியான பாஃப்டாவின் வளரும் நட்சத்திர விருது கிடைத்தது பொருத்தமே.

அதே படத்தில் ரூக் என்னும் சிதைந்த ஆண்ட்ராய்டுக்கு, 2020-இல் மறைந்த இயன் ஹோமின் முகத்தைக் கொடுத்தார்கள். எந்திரப் பொம்மை, கணினி வரைகலை, டேனியல் பெட்ஸ் என்னும் நடிகரின் குரலும் முக அசைவும் எல்லாம் சேர்ந்து உருவான முகம் அது. குடும்பத்தினரின் ஒப்புதல் பெறப்பட்டது. ஆகவே பீனின் விவகாரத்தில் இருந்த சிக்கல் இங்கே இல்லை என்று சொல்லலாம். ஆனாலும் இறந்த நடிகர் தாம் தேர்ந்தெடுக்காத வசனத்தைப் பேசுவதைப் பார்க்கையில் மனம் ஒப்பவில்லை. உதடுகளின் அசைவு பொருந்தாததைப் பலரும் குறைகூற, வீட்டுத் திரைக்கான வெளியீட்டில் கணினி வேலையைக் குறைத்துப் பொம்மையின் பங்கைக் கூட்டித் திருத்தினார்கள். முன்பைவிட அது மேம்பட்டது உண்மை. ஆனால் எந்தத் திருத்தமும் தீர்க்க முடியாத கோளாறு ஒன்று அதில் இருக்கிறது. 1979-இல் ஹோமின் முகத்தைப் பார்த்தவர்கள் நம்பகமான ஓர் அதிகாரியைப் பார்த்தார்கள். 2024-இல் அதே முகம் திரையில் தோன்றிய நொடியிலேயே, இவன் நிறுவனத்தின் ஆள், இவன் காட்டிக்கொடுப்பான் என்று அரங்கில் இருக்கும் அனைவருக்கும் தெரிந்துவிடுகிறது. கதையில் உள்ளவர்கள் மட்டும் அதை அறியாமல் அவனிடம் வழி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.